நெட்ஃபில்டர் மாட்யூலில் படிப்பவர் பலர், எழுதுபவர் ஒருவர்: ஆர்டபிள்யூலாக் ஏன் வேகத்தைக் கெடுக்கிறது?

வடிகட்டி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நெட்ஃபில்டர் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டும் கட்டமைப்பு) ஹூக்கில், அதாவது பாக்கெட் கடக்கும்போது அழைக்கப்படும் இடத்தில், இயங்கும் லினக்ஸ் கெர்னல் மாட்யூல் ஒன்றை எழுதி வருகிறேன். அனுப்புநரின் ஐபி முகவரியைச் சாவியாகக் கொண்ட ஹேஷ் டேபிள் அதில் உண்டு. ஒவ்வொரு பதிவிலும் முகவரி, அங்கிருந்து வரும் பாக்கெட்டை விடுவதா தடுப்பதா என்ற முடிவு, அந்த முடிவு காலாவதியாகும் நேரம், இதுவரை எத்தனை பாக்கெட்டுகள் பொருந்தின என்ற எண்ணிக்கை ஆகியவை இருக்கின்றன. உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இந்த டேபிளைத் தேட வேண்டும். பதிவுகளைச் சேர்ப்பதும் மாற்றுவதும் நீக்குவதும் நெட்லிங்க் (பயனர் நிரல்கள் கெர்னலோடு பேசும் வழி) மூலம் வரும் கட்டளைகளால் மட்டுமே நடக்கும். அவை எப்போதாவதுதான் வரும்.

படிப்பவர்களே மிகுதி என்பதால் டேபிள் முழுவதற்கும் ஒரே ஆர்டபிள்யூலாக்கை (பலர் ஒரே நேரத்தில் படிக்கவும், எழுதுபவர் தனியாக எழுதவும் விடும் பூட்டு) வைத்திருக்கிறேன். ஹூக்கில் ரீட்_லாக், நெட்லிங்க் பக்கத்தில் ரைட்_லாக்_பிஎச். பூட்டுப் பிழைகளைக் கண்டறியும் லாக்டெப் எந்தக் குறையும் சொல்லவில்லை, முடிவுகளும் சரியாகவே வருகின்றன. ஆனால் நெட்வொர்க் கார்டின் வரிசைகளைக் கூடுதலான கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், மொத்த வேகம் ஓரளவுக்கு மேல் ஏற மறுக்கிறது. எழுதும் கட்டளை ஒன்றுகூட வராத நேரத்திலும் இதே நிலைதான். நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியில் பார்த்தால் ரீட்_லாக்தான் பட்டியலின் தலையில் நிற்கிறது.

எழுதுபவர் இல்லாதபோது படிப்பவர்கள் ஒருவரையொருவர் தடுப்பதில்லை என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். அப்படியானால் இவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? படிப்பவர் பூட்டாமலே படிக்க விடும் சீக்லாக், ஆர்சியு ஆகிய இரண்டில் எது இந்த இடத்துக்குப் பொருந்தும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மூலநிரல் பதில்:

அவர்கள் கேஷ் லைனுக்காக (கோர்களின் கேஷ்களுக்கிடையே ஒன்றாக நகரும் சிறு நினைவகத் துண்டு) காத்திருக்கிறார்கள். பாடப்புத்தகம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது யார் உள்ளே நுழையலாம் என்பதை மட்டும் பேசுகிறது, நுழைவதற்கு ஆகும் செலவைப் பேசுவதில்லை. கூர்ட்வா, ஹேமன்ஸ், பார்னஸ் மூவரும் 1971-இல் இந்தச் சிக்கலை வரையறுத்துக் கட்டுரை எழுதியபோது, படிப்பவருக்கு முன்னுரிமையா எழுதுபவருக்கு முன்னுரிமையா என்பதே கேள்வியாக இருந்தது. பல கோர்கள் தனித்தனி கேஷ்களோடு ஒரே நினைவகத்தைத் தொடும் இன்றைய இயந்திரத்தில் கேள்வி வேறு.

உங்கள் ஆர்டபிள்யூலாக்கின் உள்ளே 32 பிட் எண் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் 8 பிட்டுகள் எழுதுபவருக்கு, அடுத்த பிட் 'எழுதுபவர் ஒருவர் காத்திருக்கிறார்' என்ற குறிக்கு, அதற்கு மேலுள்ளவை படிப்பவர்களின் எண்ணிக்கைக்கு. எனவே ரீட்_லாக்கை அழைக்கும் ஒவ்வொரு கோரும் அந்த எண்ணுடன் அணுச்செயலாக (இடையில் வேறு கோர் குறுக்கிட முடியாதபடி) 512-ஐக் கூட்டுகிறது, விடுவிக்கும்போது 512-ஐக் கழிக்கிறது. இது படிப்புக்கான பூட்டு என்று பெயர்தான். வன்பொருளின் கண்ணில் இது பொது நினைவகத்தில் எழுதும் செயல். எழுத வேண்டுமானால் அந்தக் கேஷ் லைன் முழு உரிமையோடு அந்தக் கோருக்கு வந்தாக வேண்டும். மற்றக் கோர்களிடம் இருக்கும் பிரதிகள் செல்லாதவையாக வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு முறை இப்படி எழுதுகிறீர்கள். கோர்கள் கூடக் கூட அந்த ஒரே கேஷ் லைன் ஓயாமல் அவற்றுக்கிடையே அலைகிறது, பூட்டுக்குள் நீங்கள் செய்யும் தேடலைவிட அந்த அலைச்சல் நீண்ட நேரம் பிடிக்கிறது.

கெர்னலோடு வரும் ஆவணத்திலேயே இது எச்சரிக்கையாக இருக்கிறது: பூட்டுக்குள் நடக்கும் வேலை நீளமானதாக இல்லாவிட்டால் சாதாரண ஸ்பின்லாக்கே (பூட்டு கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் எளிய பூட்டு) மேல், பொது ஒப்புதல் இல்லாமல் புதிதாக ஆர்டபிள்யூலாக் எதையும் சேர்க்காதீர்கள் என்று. கல்லூரித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தரும் விடையைக் கெர்னல்காரர்கள் ஒதுக்கி வைத்திருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

---

தெற்குக்கரை பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் ஆர்சியுவுக்குத் தாவும் முன் எளிய வழி ஒன்றைச் சோதித்துப் பாருங்கள் என்பேன். டேபிள் முழுவதற்கும் ஒரே பூட்டு என்பதை விட்டு, ஹேஷ் பக்கெட் (டேபிளின் ஓர் அறை) ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பின்லாக் வையுங்கள். வெவ்வேறு முகவரிகள் வெவ்வேறு பக்கெட்டுகளில் விழுவதால் மோதல் பெரும்பாலும் மறைந்துவிடும். நிரலை ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் புரியும். நினைவகத்தை எப்போது விடுவிப்பது என்ற தலைவலியும் இல்லை.

---

நிழல்நகல் பதில்:

பல இடங்களில் நானும் தெற்குக்கரையின் யோசனையைத்தான் முதலில் சொல்வேன். இங்கே அது கைகொடுக்காது. இது தடுப்புப் பட்டியல். ஒரே முகவரியிலிருந்து வெள்ளம்போல் பாக்கெட்டுகள் வரும் நாளில்தான் இதற்கு உண்மையான வேலை. அன்று பல கோர்களும் ஒரே பக்கெட்டைத் தேடி வந்தால், பக்கெட் பூட்டும் பழைய ஒற்றைப் பூட்டும் ஒன்றே. எந்த நாளுக்காக மாட்யூலை எழுதுகிறோமோ அந்த நாளில் அது படுத்துவிடக் கூடாது.

படிப்பவர் பொது நினைவகத்தில் எதையும் எழுதாமல் இருப்பதே இதற்குத் தீர்வு. அதைத் தருவது ஆர்சியு. சீக்வென்ட் நிறுவனத்தின் டைனிக்ஸ் இயங்குதளத்தில் பால் மெக்கன்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் உருவாக்கிய முறை இது. லினக்ஸில் 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் நுழைந்தது. எழுதுபவர் பழைய பதிவைப் பட்டியலிலிருந்து கழற்றிவிடுகிறார், ஆனால் உடனே அழிப்பதில்லை. கழற்றிய நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய படிப்பவர்கள் அனைவரும் வெளியேறும்வரை பொறுத்திருந்து அழிக்கிறார். அந்தப் பொறுப்புக் காலத்துக்கு 'கிரேஸ் பீரியட்' என்று பெயர். முன்னுரிமைப் பறிப்பு (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) இல்லாத கெர்னலில், ஆர்சியு_ரீட்_லாக் என்பது கம்பைலருக்குச் சொல்லும் ஒரு தடையாக மட்டுமே சுருங்குகிறது. இயந்திரக் கட்டளை எதுவும் உருவாவதில்லை. முன்னுரிமைப் பறிப்பு உள்ள கெர்னலிலும் அது கூட்டுவது அந்தந்த டாஸ்க்குக்குச் சொந்தமான எண்ணைத்தான். மற்றக் கோர்கள் அதைத் தொடுவதில்லை. உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: நெட்ஃபில்டர் தன் ஹூக்குகளை ஆர்சியு படிப்புப் பகுதிக்குள்ளிருந்தே அழைக்கிறது. ஆகவே ஹூக்கில் பூட்டு வரியை நீக்கிவிட்டு, பட்டியலை ஆர்சியுவுக்கான சுற்று மேக்ரோவால் நடந்தால் போதும்.

எழுதும் பக்கத்தில்தான் கவனம் தேவை. முதலாவதாக, ஆர்சியு எழுதுபவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பதில்லை. நெட்லிங்க் பக்கத்துக்கு ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரையே விடும் பூட்டு) இருந்தே ஆக வேண்டும். அடுத்து, பதிவு பட்டியலில் இருக்கும்போதே அதன் உள்ளடக்கத்தைத் திருத்தக் கூடாது. நீங்கள் முதலில் முடிவை மாற்றி, பிறகு காலாவதி நேரத்தை மாற்றினால், இடையில் வரும் படிப்பவர் புதிய முடிவையும் பழைய நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பார். 'தடு' என்று இப்போதுதான் மாற்றிய பதிவு ஏற்கெனவே காலாவதியானதாக அவருக்குத் தெரியும். எனவே புதிய பதிவு ஒன்றை ஒதுக்கி, முழுவதும் நிரப்பி, எச்லிஸ்ட்_ரீப்ளேஸ்_ஆர்சியு வழியாகப் பழையதன் இடத்தில் வையுங்கள். படிப்பவர் முழுப் பழையதைப் பார்ப்பார் அல்லது முழுப் புதியதைப் பார்ப்பார். பழையதைக் கிரேஸ் பீரியட் முடிந்தபின் நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ_ஆர்சியுவிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி யாரும் இதுவரை பேசவில்லை. பொருந்திய பாக்கெட்டுகளைப் பதிவுக்குள்ளேயே அணுச்செயலாகக் கூட்டிக்கொண்டிருந்தால், ஆர்டபிள்யூலாக்கை நீக்கியும் பயன் இராது. ஒரே முகவரியின் வெள்ளத்தில் எல்லாக் கோர்களும் அதே பதிவின் அதே கேஷ் லைனில் எழுதும். பூட்டில் இருந்த அலைச்சல் எண்ணிக்கைக்கு இடம் மாறும், அவ்வளவே. அதை ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி எண்ணாகப் பிரியுங்கள். யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) கேட்கும்போது கூட்டிச் சொல்லுங்கள். பதிவை மாற்றும்போது இந்த எண்களின் பாயிண்டரைப் புதிய பதிவுக்குக் கைமாற்றினால் கணக்கும் விட்டுப்போகாது. பதிவையே நீக்கும்போது அந்த எண்களையும் கிரேஸ் பீரியட் முடிந்த பிறகுதான் விடுவிக்க வேண்டும்; அதற்குக் கேஃப்ரீ_ஆர்சியு போதாது, கால்_ஆர்சியுவோடு உங்கள் சொந்தக் கால்பேக் (பிறகு அழைக்கப்படும் ஃபங்க்ஷன்) ஒன்றை எழுத வேண்டியிருக்கும்.

---

மூலநிரல் பதில்:

சீக்லாக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பட்டியலுக்கு அது பொருந்தாது. காரணம் தெரிந்திருப்பது நல்லது.

சீக்லாக்கில் எழுதுபவர் தொடங்கும்போது ஒரு வரிசை எண்ணைக் கூட்டி ஒற்றைப்படையாக்குகிறார், முடிக்கும்போது மறுபடி கூட்டி இரட்டைப்படையாக்குகிறார். படிப்பவர் தொடக்கத்தில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தரவைப் படிக்கிறார், முடிவில் எண் மாறியிருந்தால் படித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். இங்கும் படிப்பவர் எதையும் எழுதுவதில்லை. கெர்னலின் நேரக் கணக்கு இந்த முறையில்தான் இயங்குகிறது. கெர்னலுக்குள் நுழையாமலே ஒரு நிரல் விடிஎஸ்ஓ (கெர்னல் ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் பொருத்தும் சிறு நிரல் தொகுப்பு) வழியாக நேரத்தைப் படிக்க முடிவதும் இதே வரிசை எண் உத்தியால்தான்.

ஆனால் 'தவறாகப் படித்தாலும் பரவாயில்லை, பிறகு தெரிந்துகொள்ளலாம்' என்பதே இதன் அடிப்படை. நொடியும் நானோநொடியும் பொருந்தாமல் வந்தால் கேடில்லை, மறுபடி படிக்கலாம். பாயிண்டரில் அது செல்லாது: நீங்கள் அடுத்த பதிவுக்குத் தாவும் கணத்தில் எழுதுபவர் அதை விடுவித்திருந்தால், வரிசை எண்ணைச் சரிபார்க்கும் வரியை அடைவதற்குள் கெர்னல் வீழ்ந்திருக்கும். பாயிண்டர் உள்ள இடத்தில் சீக்லாக் தனியாகப் போதாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திய அழகான இடம் ஒன்று உண்டு. 2011-இல் வந்த 2.6.38 முதல், கோப்புப் பாதையைத் தேடும்போது கெர்னல் ஒவ்வொரு அடைவிலும் பூட்டுப் போடாமலே நடக்கிறது. நினைவகம் காலடியில் மறையாமல் ஆர்சியு பார்த்துக்கொள்கிறது, பெயர் மாற்றம் இடையில் நடந்ததா என்பதை டென்ட்ரியில் (கோப்புப் பெயருக்கான கெர்னல் பதிவு) உள்ள வரிசை எண் காட்டிக்கொடுக்கிறது.

உங்கள் மாட்யூலிலும் வரிசை எண்ணுக்குச் சிறிய வேலை ஒன்று உண்டு. 32 பிட் இயந்திரத்தில் 64 பிட் எண்ணை ஒரே மூச்சில் படிக்க முடியாது. நிழல்நகல் சொன்ன சிபியு வாரியான எண்களைப் படிக்க யு64_ஸ்டாட்ஸ்_சிங்க் இருக்கிறது. 64 பிட் இயந்திரத்தில் அதற்குச் செலவே இல்லை.

---

வடிகட்டி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆர்சியுவுக்கே மாற்றுகிறேன். எண்ணிக்கை அணுச்செயல் எண்ணாகவே இருந்தது, அதையும் பிரிக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். நிர்வாகி ஒரு முகவரியைத் தடுக்கக் கட்டளை கொடுத்து, 'ஆயிற்று' என்று நெட்லிங்க் பதில் சென்ற பிறகும் ஏதோ ஒரு கோர் பழைய பதிவைப் பார்த்துப் பாக்கெட்டை விட்டுவிடலாமே? அடுத்து, மாட்யூலை நீக்கும்போது எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும்?

---

நிழல்நகல் பதில்:

விடலாம். மிகச் சிறிய இடைவெளிதான். கட்டளை வரும் கணத்தில் பாதி வழியில் இருந்த பாக்கெட் எப்படியும் தப்பியிருக்கும் என்பதால் பெரும்பாலான வடிகட்டிகளுக்கு இது பொருட்டில்லை. பதில் சென்ற பிறகு ஒன்றுகூடத் தப்பக் கூடாது என்பது உங்கள் உறுதிமொழியானால், பதிவை மாற்றியபின் சிங்க்ரனைஸ்_ஆர்சியுவை அழைத்து, அது திரும்பிய பிறகு பதில் அனுப்புங்கள். அது திரும்பிவிட்டால் பழைய பதிவைப் பிடித்திருந்த படிப்பவர் எவரும் மிச்சமில்லை. அந்த அழைப்பு தூங்கக்கூடியது; ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டோ சாஃப்ட்ஐஆர்கியூவிலிருந்தோ (பாக்கெட்டுகள் கையாளப்படும், தூங்க முடியாத இடம்), முக்கியமாக ஆர்சியு படிப்புப் பகுதிக்குள்ளிருந்தோ அழைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைச் செய்தால், தான் வெளியேறுவதற்காகத் தானே காத்திருக்கும் நிலை ஏற்படும். மேலும் ஒரு கிரேஸ் பீரியட் மில்லிநொடிகள் எடுக்கும். நிர்வாகி ஒரே கட்டளையில் ஆயிரக்கணக்கான முகவரிகளை அனுப்பினால், பதிவுக்கு ஒன்றாக அழைக்காமல் எல்லாவற்றையும் மாற்றி முடித்துக் கடைசியில் ஒரு முறை அழையுங்கள்.

மாட்யூலை நீக்கும்போது முதலில் நெட்லிங்க் பக்கத்தை மூடுங்கள், புதிய கட்டளைகள் நிற்கட்டும். பிறகு ஹூக்கைப் பதிவுநீக்கம் செய்யுங்கள். அதன்பின் சிங்க்ரனைஸ்_ஆர்சியு, ஹூக்குக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கோர்கள் வெளியேறட்டும். இப்போது டேபிளை நேரடியாக அழிக்கலாம். கால்_ஆர்சியுவுக்கு உங்கள் சொந்தக் கால்பேக்கைக் கொடுத்திருப்பதால், திரும்பும் முன் ஆர்சியு_பேரியரையும் அழைத்தே ஆக வேண்டும். சிங்க்ரனைஸ்_ஆர்சியு கிரேஸ் பீரியட் முடியும்வரைதான் காத்திருக்கும், வரிசையில் நிற்கும் கால்பேக்குகள் ஓடி முடியும்வரை காத்திருக்காது. மாட்யூலின் நிரல் நினைவகத்திலிருந்து போன பிறகு ஒரு கால்பேக் ஓடத் தொடங்கினால், அது குதிக்கும் முகவரியில் உங்கள் ஃபங்க்ஷன் இருக்காது. சோதிக்கும்போது ஆர்சியு தவறுகளைக் காட்டும் ப்ரூவ்_ஆர்சியு, நினைவகப் பிழைகளைக் காட்டும் காசான் இரண்டையும் இயக்கிய கெர்னலில், பாக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூலை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.