அமிர்தி ஓடையோரம் மாட்டு ஈக்களைத் தேடி

வேலூர் மாவட்டத்து அமிர்தி பக்கம் காப்புக்காட்டில் மாட்டு ஈ வகைகளைக் கணக்கெடுத்த குழுவில் நானும் இருந்தேன். நம்மைக் கடிக்க வருவதை மட்டும் பிடித்து எழுதினால் அது பாதிக் கணக்குதான். கடிப்பது பெண் ஈ மட்டும். முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் ஈ பூந்தேனைக் குடித்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கும். ஆணுக்கு இரு கண்களும் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு நடுவே இடைவெளி தெரியும்.

நீலமும் கறுப்புமான துணிப்பொறியை வெயில் படும் இடத்தில் கட்டினோம். பெரிய டபானஸ் ஈக்கள் அதில் விழுந்தன. இறக்கையில் கரும்பட்டை உள்ள கிரைசாப்ஸ் வகை ஈ மரநிழலில் தலையைச் சுற்றியே வந்தது, அதற்குக் கைவலைதான். ஹீமடோபோட்டா என்ற இன்னொரு வகை சத்தமே போடாது. கடித்த பிறகுதான் தெரியும்.

உயிரோடு இருக்கும்போதே கண்ணைப் படமெடுத்துவிடுங்கள். பச்சையும் செம்புமாக என்ன அழகு! செத்துக் காய்ந்தால் அந்த நிறம் போய்விடும், இனம் பிரிக்கும் ஒரு நல்ல அடையாளமும் போய்விடும். அப்புறம், கரைச் சேற்றையும் சலித்துப் பாருங்கள். பல இனங்களின் புழுக்கள் அங்கேதான் வளர்கின்றன.

ஒடுகத்தூர் உறுப்பினர்: அண்ணா, எங்கள் மாடுகள் மலையடிவாரத்தில்தான் மேயும். வெயில் ஏறினால் வயிற்றடியிலும் காலிலும் மொய்த்துவிடும். ஈ பறந்த பிறகும் கடிவாயில் ரத்தம் வடியும். மாடு மேய்ச்சலை விட்டுவிட்டு உதைத்துக்கொண்டே நிற்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். இதனால் நோய் ஏதும் வருமா?

வேலூர் கால்நடை மருத்துவர்: வரும் தம்பி. சர்ரா என்ற, கால்நடைகளின் ரத்தத்தில் கிருமி வளரும் நோயைப் பரப்புவதில் இந்த ஈக்கள் முக்கியமானவை. அதன் கிருமியை 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். டிரிப்பனோசோமா எவான்சி என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஈயின் உடம்பில் இந்தக் கிருமி வளர்வதில்லை. கடி வலிக்க, மாடு உதறும். பாதி குடித்த ஈ ரத்தம் பட்ட வாயோடு பக்கத்து மாட்டில் போய் உட்காரும். அவ்வளவுதான், தொற்றிவிடும். அதனால் காய்ச்சல் கண்ட மாட்டை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கும் கொண்டு போங்கள். கணக்கெடுப்பவர்கள், மாடு மேயும் இடத்தில் பிடித்த ஈ எது, காட்டுக்குள் பிடித்தது எது என்று பிரித்துக் குறித்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

நான்: சரி டாக்டர், இனி மாடுகள் தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒரு பொறி, ஓடையின் மேல்பகுதியில் ஒரு பொறி என்று தனித்தனியாகவே வைக்கிறோம்.