19-ஆம் நாளில் போன 18,400 ரூபாய்

தம்பிக்கு பிரிட்டனில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்தது 2025 மே மாதத்தில். வகுப்பு தொடங்கும் நாள் செப்டம்பர் 22. கரூர் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் படிக்க வெளிநாடு போனதில்லை. அலுவலக வேலை பார்க்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் விசாவுக்குத் தாள் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் எங்கே சறுக்கினோம் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். இந்த வருடம் கிளம்பும் பிள்ளைகளில் ஒருவருக்காவது பயன்பட்டால் போதும்.

முதலில் பணக் கணக்கு. முதல் வருடக் கட்டணத்தில் கட்டியது போக மீதி, அதோடு ஒன்பது மாதச் சாப்பாடு, தங்கும் செலவு, இவ்வளவும் கையிருப்பில் இருப்பதாகக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே படிப்பவர்களுக்கு அப்போது மாதம் 1,136 பவுண்டு, ஒன்பது மாதத்துக்கு 10,224. தம்பி முன்பணம் கட்டியது போக மீதிக் கட்டணம் 11,500. மொத்தம் 21,724 பவுண்டு. ஜூன் கடைசியில் பவுண்டு 117 ரூபாயை ஒட்டி இருந்தது. அப்படிப் பார்த்தால் 25 லட்சத்து 42 ஆயிரம்.

அப்பா அதற்காக ஊரிலிருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். வீடு, நிலம், நகை எதையும் மதிப்புப் போட்டுக் காட்டினால் இந்த விசாவுக்குச் செல்லாது. ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்றிதழும் உதவாது. பங்கு, ஓய்வூதிய நிதி போன்றவையும் கணக்கில் வராது. எடுக்கக்கூடிய பணமாக வங்கியில் இருக்க வேண்டும், அதுவும் தொடர்ந்து 28 நாள். ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அந்த 28-ஆவது நாளுக்கும் நாம் இணையத்தில் விசாக் கட்டணம் கட்டும் நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகவும் கூடாது.

ஜூன் 30-ஆம் தேதி அப்பாவின் சேமிப்புக் கணக்கில் 25,50,000 ரூபாய் நின்றது. தேவைக்கு மேல் எட்டாயிரம்தான் அதிகம். அது போதும் என்று நினைத்ததுதான் நாங்கள் செய்த தவறு. ஏடிஎம் கார்டை வாங்கி பீரோவில் பூட்டினேன். "இருபத்தெட்டு நாளைக்கு யாரும் அந்தக் கணக்குப் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 28, திங்கட்கிழமை. பாஸ்புக் பதிய வங்கிக்குப் போனேன். இயந்திரத்தில் புத்தகத்தை நுழைத்ததும் கரகரவென்று இரண்டே வரி அச்சானது. இரண்டாவது வரியில் ஜூலை 18, பற்று 18,400, மீதி 25,31,600. அப்பா நான்கு வருடத்துக்கு முன் எடுத்த காப்பீட்டுப் பாலிசியின் பிரீமியம். வருடா வருடம் தானாகவே போகட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அவரே மறந்திருந்தார். பணம் போனது 19-ஆம் நாள். அதற்குப் பின் நான் அடித்த ஒன்பது நாளும் வீண்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா, "நம்ம பணம்தானேம்மா, நம்ம கணக்குலதானே இருக்கு, பதினெட்டாயிரத்துக்கா விசா தரமாட்டாங்க?" என்று கேட்டார். நிலத்தை விற்ற மனிதரிடம் என்ன சொல்ல? தம்பி ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையிலேயே என் கணக்கிலிருந்து 50,000 ரூபாய் போட்டோம். ஜூலை 29-இலிருந்து புதிதாக எண்ணினால் 28-ஆவது நாள் ஆகஸ்ட் 25. இந்த முறை வங்கி மேலாளரிடம் நேரில் உட்கார்ந்து, இந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தொகை எதுவெல்லாம் என்று கேட்டு எழுதி வாங்கினேன். பிரீமியம் தவிர, வருடத்துக்கு ஒருமுறை போகும் சிறிய விபத்துக் காப்பீட்டுத் தொகை ஒன்றும் இருந்தது. நீங்களும் பணத்தை நிறுத்துவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். அப்புறம், தாராளமாக மேலே வையுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் ஓவாண்டா தளத்தில் உள்ள மாற்று விகிதத்தில்தான் ரூபாயைப் பவுண்டாகக் கணக்கிடுவார்கள். பவுண்டு ஒரு ரூபாய் ஏறினால் எங்கள் தேவை 21,724 ரூபாய் ஏறும். ஆகஸ்ட் கடைசியில் 118 பக்கம் வந்தேவிட்டது. பிரீமியம் போகாமல் இருந்திருந்தாலும் அந்த எட்டாயிரம் எங்களைக் காப்பாற்றியிருக்காது.

காத்திருந்த அந்த நாட்களில் பெயர்ப் பிரச்சினையைச் சரிசெய்தோம். பணம் அப்பாவுடையது என்றால், அவர் அப்பாதான் என்பதற்குத் தம்பியின் பிறப்புச் சான்றிதழும், இந்தப் பணத்தை மகன் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று அப்பா கையெழுத்திட்ட கடிதமும் வைக்க வேண்டும். சான்றிதழை டிரங்குப் பெட்டியிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் இருந்தது. மடிப்பில் எழுத்து தேய்ந்து, நகராட்சி முத்திரையின் ஊதா மங்கிப்போயிருந்தது. அதில் அப்பா பெயர் இன்ஷியல் இல்லாமல் இருந்தது. வங்கியில் இன்ஷியலோடு. தம்பியின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் என்ற இடத்தில் இன்ஷியலை விரித்து, தாத்தா பெயரும் சேர்ந்து இருந்தது. போதாததற்கு அப்பா பெயரில் ஒரு ழகரம் வேறு. ஓரிடத்தில் அதற்கு ஆங்கிலத்தில் இசட் ஹெச், இன்னோரிடத்தில் வெறும் எல். நம் ஊரில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அந்தத் தாளைப் பார்க்கப்போகும் அதிகாரிக்கு இன்ஷியல் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சான்றிதழின் புதுப் பிரதி வாங்கினோம். வங்கிக் கணக்கில் பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்றினோம். மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் அப்பா உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார். தமிழில் இருந்த தாளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்பட்டது. நீதிமன்றத்துக்கு எதிரில் ஒரு டைப்பிங் கடையில் அடித்து வாங்கியதைத் தம்பிதான் படித்துப் பார்த்து, "இதுல மொழிபெயர்த்தவர் யாருன்னே இல்லையே அக்கா" என்றான். சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். வேறொருவரிடம் திரும்பச் செய்தோம்.

காசநோய்ப் பரிசோதனை சுலபம். சென்னையில் பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்து, சான்றிதழ் கையில் வந்துவிட்டது. ஆறு மாதம் செல்லும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜூலையில் எண்ணிக்கை உடைந்த அந்த வாரத்தில் ஒரு முகவர் தொலைபேசியில் பேசினார். "28 நாள் பேங்க் பேலன்ஸ் நாங்களே காட்டித் தர்றோம், சதவிகிதம் மட்டும் கொடுங்க, தேதியெல்லாம் பின்னாடியிருந்து வர்ற மாதிரி ஸ்டேட்மென்ட் வந்துடும்" என்றார். பயத்தில் இருந்த எனக்கு ஒரு நிமிடம் மனசு தடுமாறியது உண்மை. போலித் தாள் என்று கண்டுபிடித்தால் மறுப்போடு நிற்காது, பத்து வருடம் அந்த நாட்டு விசாவே கிடைக்காமல் போகலாம். 22 வயதுப் பையனின் பத்து வருடம். அவர் எண்ணை உடனே அழித்தேன்.

ஆகஸ்ட் 26 செவ்வாய்க்கிழமை வங்கியில் முத்திரையிட்ட ஸ்டேட்மென்ட் வாங்கி, அன்றே விண்ணப்பித்தோம். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி, விடுமுறை. விசாக் கட்டணம் 524 பவுண்டு, மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 776 என்ற கணக்கில் தனி. நாள் குறைவாக இருந்ததால் விரைவுச் சேவைக்கு இன்னொரு 500 பவுண்டு. அந்த 18,400 ரூபாய் எங்களுக்கு வைத்த உண்மையான செலவு இதுதான். 28-ஆம் தேதி சென்னையில் கைரேகை கொடுத்தான். செப்டம்பர் 4 மாலை மின்னஞ்சல் வந்தது. கிடைத்துவிட்டது.

*

விருதுநகரிலிருந்து ஒரு அப்பா எழுதுகிறேன். சகோதரி, உங்கள் அப்பா நிலத்தை விற்றதைப் படித்து மனசு கனத்தது. நான் விற்காமல் அடமானம் வைத்தேன். அரசு வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்துப் பிணை கேட்டார்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் வந்து பார்த்தது என்று ஏழு வாரம் ஓடியது. ஆனால் கடன் கடிதம் இருந்தால் 28 நாள் கணக்கு இல்லை. கடிதத்தின் தேதி விண்ணப்பிக்கும் நாளுக்கு ஆறு மாதத்துக்குள் இருந்தால் போதும்.

எங்களுக்கு வேறு சிக்கல். வங்கி கொடுத்த முதல் கடிதத்தில் "மேலும் சில ஆவணங்கள் சமர்ப்பித்தபின் தொகை விடுவிக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. விசா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த நிபந்தனையும் கடன் கடிதத்தில் இருக்கக் கூடாது. மகள்தான் கவனித்தாள். மேலாளர் "இது எங்க வழக்கமான ஃபார்மட் சார்" என்றார். விதியை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். இரண்டு நாளில் வேறு கடிதம் கொடுத்தார்.

*

அக்கா, நான் சேலம். என் பிறப்புச் சான்றிதழில் என் பெயரே கிடையாது. பெண் குழந்தை, தேதி, அப்பா, அம்மா பெயர் மட்டும். பெயர் வைப்பதற்குள் பதிந்துவிட்டார்கள், அப்புறம் யாரும் சேர்க்கவில்லை. 15 வருடத்துக்குள் சேர்க்க வேண்டுமாம், எனக்கு வயசு 21. தமிழ்நாட்டில் அந்த அவகாசத்தை 2024 டிசம்பர் 31 வரை நீட்டித்திருந்ததால், பள்ளிச் சான்றிதழைக் காட்டி அதற்குள் சேர்த்துவிட்டேன். இடம் கிடைத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பேன் என்று இருந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்குமோ. இன்னொரு விஷயம், 2025 நவம்பர் 11 முதல் மாதத் தொகை லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு 10,539. அக்கா எழுதியது அதற்கு முந்தைய கணக்கு.

உங்கள் தம்பி பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வந்ததா? எனக்கு வரவில்லை, பயமாக இருக்கிறது.

*

சேலம் தங்கைக்கு: பயப்படாதேம்மா. 2025 ஜூலை 15-இலிருந்து மாணவர்களுக்கு ஸ்டிக்கர் இல்லை, மின்விசாதான். மின்னஞ்சலில் சொன்னபடி இணையத்தில் உன் கணக்கைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா முடியும் நாள் எல்லாம் சரியா என்று பார். பாஸ்போர்ட் எண் அதில் இணைந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மா கையைத் துடைத்துவிட்டு பாஸ்போர்ட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஒண்ணுமே ஒட்டலையேடா, இதுக்கா உங்கப்பா நிலத்தை வித்தாரு?" என்றார். தம்பி கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து அம்மாவிடம் நீட்டினான். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தார். "இது நீதான்" என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அந்த மஞ்சள் பைக்குள்ளேயே வைத்தார்.