ஏர் ரைஃபிள் சிலிண்டர்: இரவில் 200, காலையில் 185, நண்பகலில் 205. இது கசிவா?

கேள்வி

வணக்கம். என் மகள் சேலத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (சிறிய சிலிண்டரில் அடைத்த காற்றின் அழுத்தத்தால் குண்டைச் செலுத்தும் துப்பாக்கி) பயிற்சி பெறுகிறாள். கழகத்தின் கம்ப்ரசர் பழுதாகி இரண்டு மாதங்கள் ஆகிவிட்டதால், ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டிலேயே இரவில் கைப்பம்பால் சிலிண்டரை நிரப்பி, காலையில் மலையிறங்குகிறோம். இரவில் 200 பார் (காற்றழுத்த அலகு) காட்டிய அளவி காலையில் 185 காட்டுகிறது. அதே சிலிண்டரை நண்பகலில் வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்தால் 205 காட்டுகிறது. காற்றைத் திறந்துவிடும்போது துளித்துளியாக நீரும் வருகிறது. கசிவு என்று எண்ணி, காலையில் மீண்டும் 200 வரை ஏற்றிவிடலாமா? கழகத்தில் மற்றப் பிள்ளைகளும் இதே சிரமத்தில் இருப்பதால், எல்லோருக்கும் பொதுவான வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில் 1

ஐயா, தயவுசெய்து காலையில் ஏற்றாதீர்கள். கசிந்து போன காற்று நண்பகலில் திரும்பி வராது. எனவே நீங்கள் காண்பது வெப்பநிலையின் விளைவுதான். பம்ப் அடித்தவுடன் சிலிண்டர் கைக்குச் சூடாக, 45 பாகை அளவில் இருக்கும். அது விடிவதற்குள் 20 பாகைக்குக் குளிர்ந்தால் 200 பார் ஏறத்தாழ 184 ஆகிவிடும். காருக்குள் 55 பாகை ஆனால் 206 ஆகும். குளிர்ந்த சிலிண்டரை ஏற்காட்டிலேயே 200க்கு ஏற்றி அதே காரில் வைத்தால், அது 224ஐத் தொடும். 200 பாருக்கென்று செய்த சிலிண்டரை அந்த நிலைக்குக் கொண்டுபோகவே கூடாது. ஈரத்துணியில் சுற்றி, இருக்கைக்கு அடியில் நிழலில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐயம் தீர, ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) இருக்கும் இடத்தில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள்.

நீர்த்துளிதான் எனக்குப் பெரிய கவலை. 80 பாரிலிருந்து 200 பார் வரை நிரப்ப, 0.2 லிட்டர் சிலிண்டருக்கு ஏறத்தாழ 24 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். மூடுபனி சூழ்ந்த ஏற்காட்டில் அவ்வளவு காற்றில் 0.4 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். அமுக்கும்போது அதில் பெரும்பகுதி நீராகிவிடுகிறது. பம்பில் உலர்த்தும் வடிகட்டி இல்லையென்றால், அந்த நீர் ரைஃபிளின் ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைச் சீராகக் குறைத்துத் தரும் பகுதி) வரை போய்த் துருப்பிடிக்க வைக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றும் மெலிந்திருப்பதால், சேலத்தைவிடக் கூடுதல் தடவை பம்ப் அடிக்க வேண்டியிருக்கும்.

பதில் 2

கழகத்திற்கு ஏற்றது 300 பார் தாய் சிலிண்டர்தான் (சிறிய சிலிண்டர்களை நிரப்ப உதவும் பெரிய சிலிண்டர்) என்பது என் கருத்து. 12 லிட்டர் கொள்ளளவில் வாங்கினால், அது 200க்கு இறங்குவதற்குள் சிறிய சிலிண்டர்களை ஏறத்தாழ 40 முறை முழுமையாக நிரப்பலாம். மலிவு என்று அதே கொள்ளளவில் 200 பார் ஸ்கூபா (நீருக்கடியில் மூழ்குவோர் பயன்படுத்தும்) சிலிண்டரை வாங்கினால், இருபதாவது பிள்ளைக்கு 165 பார்தான் கிடைக்கும். தாய் சிலிண்டரை நிரப்ப, தீயணைப்போர் முதுகில் சுமக்கும் மூச்சுக்காற்று சிலிண்டர்களை நிரப்பித் தரும் நிறுவனங்களை விசாரியுங்கள். அவர்களுடைய கம்ப்ரசர் தரும் காற்று உலர்ந்து, எண்ணெயின்றி இருக்கும். நீரழுத்தச் சோதனைத் (நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திச் சிலிண்டரின் வலிமையைப் பார்க்கும் சோதனை) தேதி கடந்த சிலிண்டரை நிரப்ப, வாயு சிலிண்டர் விதிகள், 2016 அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பத்துப் பார் அளவோடு நின்றுவிடும். மருத்துவமனை ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறதே என்று எவரேனும் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள்: ரைஃபிளுக்குள் இருக்கும் கிரீஸும் உயர் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. சோப்பு நீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. வெள்ளைத் துணியைப் பிடித்துக் காற்றைத் திறந்துவிட்டபோது, நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நனைந்து, ஓரத்தில் செம்பழுப்பு நிறம் படிந்தது. சிலிண்டரின் கழுத்தைத் துடைத்தபோது தயாரிப்பு ஆண்டு 2013 என்று பொறித்திருப்பதையும் கண்டேன். தயாரிப்பாளர் குறித்த பத்து ஆண்டு ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. அதை முழுவதும் காலி செய்து எடுத்து வைத்துவிட்டேன். தாய் சிலிண்டர் குறித்து ஞாயிற்றுக்கிழமை மற்றப் பெற்றோருடன் பேசவிருக்கிறேன்.