மூன்றாவது ஆட்டத்திலிருந்து குறி தவறுகிறது: கோளாறு இணைப்பிலா, கைப்பேசியிலா?

மலைக்குருவி:
வணக்கம். இரண்டாம் உலகப் போரைப் பின்னணியாகக் கொண்ட, பலர் சேர்ந்து ஆடும் சுடும் விளையாட்டு ஒன்றைக் கைப்பேசியில் ஆடி வருகிறேன். முதல் இரண்டு ஆட்டங்கள் சீராகச் செல்கின்றன. அதன்பின், குறிப்பாக 1942 குளிர்காலத்து ஸ்டாலின்கிராட் தெருக்களைக் காட்டும் களத்தில், கார்98கே துப்பாக்கியால் தலையைக் குறிவைத்துச் சுட்டாலும் தோட்டா படுவதில்லை. ஆனால் பிபிஎஸ்எச்-41 என்ற தொடர்ந்து சுடும் துப்பாக்கியை எடுத்தால் இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. திரையில் பிங் (தரவு சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 60 மில்லி விநாடி அளவிலேயே நிற்கிறது. கைப்பேசி 4 ஜிபி ரேம் கொண்ட, சில ஆண்டுகள் பழைய ஆண்ட்ராய்டு; பெரும்பாலும் சார்ஜரில் செருகியபடியே ஆடுகிறேன். பணம் கட்டித் துப்பாக்கி வாங்குவோருக்குச் சாதகமாகச் சர்வரே என் தோட்டாக்களைத் தள்ளிவிடுகிறதோ என்ற ஐயமும் இருக்கிறது.

பொறிவண்டு:
விபிஎன் ஒன்றையும், ஆட்டத்தை வேகப்படுத்தும் செயலி ஒன்றையும் நிறுவிப் பாருங்கள். எனக்குப் பிங் குறைந்தது.

கோட்டைமேடு:
பிங் 60இல் அசையாமல் நிற்கும்போது விபிஎன் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அது தரவை இன்னொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவதால் தாமதம் கூடவே வாய்ப்பு அதிகம். வேகப்படுத்தும் செயலிகளும் பின்னணியில் ஓடிச் சூட்டைக் கூட்டக்கூடும்.

மலைக்குருவி அவர்களே, நீங்கள் சொன்ன இரண்டு துப்பாக்கிகளின் வேறுபாட்டிலேயே விடை இருப்பதாகத் தோன்றுகிறது. பிபிஎஸ்எச் நிமிடத்திற்குச் சுமார் 900 தோட்டாக்கள் சுடும் துப்பாக்கி. அதாவது விநாடிக்குப் பதினைந்து. ஒரு தோட்டா வீணானாலும் அடுத்தது 67 மில்லி விநாடியில் வந்துவிடும். கார்98கேவிலோ ஒவ்வொரு முறையும் போல்ட்டை (தோட்டாவை ஏற்றும் கைப்பிடியை) இழுத்துத் தள்ளிய பிறகே அடுத்த தோட்டா. ஆகவே எல்லாம் ஒரே கணத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒரு படம் திரையில் நிற்பது 17 மில்லி விநாடி. கைப்பேசி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைத்து, அது 20 ஃபிரேமாக விழுந்தால் 50 மில்லி விநாடி. விநாடிக்கு ஐந்து மீட்டர் ஓடும் எதிரி அதற்குள் 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். அது ஒரு தலையின் அகலத்தைவிட அதிகம். பனியும் புகையும் நிறைந்த களம் கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சுமை என்பதால்தான் அங்கே முதலில் தெரிகிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சூடாகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கைப்பேசி சூடேறிய பிறகு வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, இணையமின்றித் திறக்கும் பயிற்சிக் களத்தில் பாட்களுடன் (ஆட்டமே இயக்கும் எதிரிகளுடன்) ஆடுங்கள். அங்கும் குறி இழுத்தால் நெட்வொர்க்கும் இல்லை, சர்வரின் சூழ்ச்சியும் இல்லை. அப்படியானால் ஃபிரேம் உச்சவரம்பை 30 ஆக்குங்கள், நிழலை அணையுங்கள், தெளிவுத்திறனை ஒரு படி குறையுங்கள், பின்னுறையைக் கழற்றுங்கள், சார்ஜரை எடுத்துவிடுங்கள். ஏறி இறங்கும் 60ஐவிட அசையாத 30 குறிபார்க்க ஏற்றது.

நடுநிசி:
ஃபிரேமைக் குறைக்க மனமில்லையென்றால் சோவியத் எஸ்விடி-40 துப்பாக்கியை எடுத்துப் பாருங்கள். பத்துத் தோட்டா, போல்ட் இழுக்கும் வேலை இல்லை, அந்தப் போர்முனைக்கும் பொருந்தும். ஸ்டாலின்கிராடில் அமெரிக்கக் காரண்ட் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

மலைக்குருவி:
மிக்க நன்றி. இணைப்பை அணைத்துப் பயிற்சிக் களத்தில் ஆடியபோதும் சூடேறியதும் அதே இழுவை வந்தது. 30 ஃபிரேமுக்கு மாற்றி, சார்ஜரை எடுத்த பிறகு மாலை முழுவதும் சீராக இருக்கிறது. ஒன்று மட்டும் தீரவில்லை: சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்த பிறகும் நான் சுடப்பட்டுச் சாகிறேன்.

கோட்டைமேடு:
அது உங்கள் கைப்பேசியால் வருவது அன்று. அமைப்புகளில் தீர்வதும் அன்று. இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில், சுட்டவர் தம் திரையில் எந்த நிலையைப் பார்த்தாரோ அந்த நிலைக்குச் சர்வர் காலத்தைப் பின்னுக்குத் தள்ளித் தோட்டா பட்டதா என்று கணக்கிடும். நீங்கள் மறைந்த செய்தி சர்வரை அடைந்து, அங்கிருந்து எதிரியை அடைவதற்குள் அவர் சுட்டுவிடலாம். அவர் சுட்ட செய்தியும் அதே வழியில் உங்களிடம் திரும்பி வர வேண்டும். உங்கள் பிங் 60, அவருடையது 150 என்றால், நீங்கள் மறைந்து ஏறத்தாழ 200 மில்லி விநாடிக்குப் பிறகும் சாக முடியும். ஓடுகிற வேகத்தில் அது ஒரு மீட்டர் தொலைவு. அமைப்புகளில் சர்வர் வட்டாரம் தானாகத் தேர்வாகும்படி இருந்தால், மிக அருகிலுள்ளதைக் கையால் தேர்ந்தெடுங்கள். அங்கே அதிகப் பிங் உள்ள எதிரிகள் குறைவாக வருவார்கள். சுட்டதும் சுவரின் ஓரத்திலேயே நின்றுவிடாமல் இன்னும் இரண்டு எட்டு உள்ளே போய்விடுங்கள்.