எகிப்தை வைத்து மாயக்கதை எழுதுறவங்களே, உங்களை விட்டுப் போகாத அந்த ஒரு காட்சி எது?

பாதிராத்திரி எழுத்து:

நாவல் மூணாம் பாகத்துல நின்னுபோச்சு, அதான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். இத்தாலியில டூரின் மியூசியத்துல கா, மெரித்ங்கிற பழங்கால எகிப்துத் தம்பதியோட கல்லறைச் சாமான் வச்சிருக்கிற அறை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். 1906ல இத்தாலிய ஆராய்ச்சியாளர் ஸ்கியாபரெல்லி கண்டுபிடிச்சது, திருடன் கை படாதது. ஆபீஸ் வேலையா மிலான் போனப்ப ஒரு சனிக்கிழமை ரயில் பிடிச்சு ஓடினேன். தங்கம் பார்க்கத்தான் போனேன். ஆனா கால் நின்னது மெரித்தோட விக் முன்னாடி. மனுஷ முடி, நெளிநெளியா, கிட்டத்தட்ட 3400 வருஷமாச்சு, நேத்து வாரிவிட்ட மாதிரி இருக்கு.

அது கூடப் பரவாயில்லை. சவப்பெட்டிதான் என்னைப் படுத்துது. கா தனக்குன்னு செஞ்சு வச்சிருந்த பெட்டி. அவ முந்திக்கிட்டா, அவளை அதுல வச்சுட்டான். பெட்டி பெரிசு, இடைவெளியில துணியைத் திணிச்சிருக்காங்க. மேல எழுதியிருக்கிறது அவன் பேரு. சரி, கீழுலக வாசல்ல காவல்காரன் "யாரு?"ன்னு கேட்பான் இல்லையா. பெட்டியில புருஷன் பேரு. அவ என்ன சொல்லுவா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு இதையே யோசிச்சேன். சந்தையில ரெண்டு பொற்காசு கொடுத்து ஒருத்தி விக் வாங்குற காட்சியில ஆரம்பிச்சு, ரெண்டு பாகமும் அதுலேர்ந்துதான் வந்துச்சு.

உங்க கதையைச் சொல்லுங்க.

குமாஸ்தா:

என்னுடையது மியூசியம் இல்லை, மாவட்ட நீதிமன்ற வராந்தா. அப்போது என் கதையில் இறந்தவனின் இதயத்தைத் தராசில் வைக்கிற கட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்த்தட்டில் நீதிதேவி மாத்தின் இறகு, தோற்ற இதயத்தைத் தின்னும் அம்மித், நாற்பத்திரண்டு நீதிதேவதைகள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு எழுதியும் உயிர் வரவில்லை. ஒரு பாகப்பிரிவினை வழக்கு. வழக்கைக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், தூணுக்குப் பின்னால் ஒரு பெரியவர் தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எனக்கு எதிரா மட்டும் சொல்லிடாதடா. நாம ஒரு வயித்துல பொறந்தவங்க."

இறந்தவனோடு அனுப்பும் மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 30பி மந்திரம் இதேதான். நெஞ்சின் மேல் வைக்கும் கல்வண்டில் பொறித்து அனுப்புவார்கள்: என் தாயிடமிருந்து வந்த என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்திராதே. நம் ஊர்ச் சட்டப்படி சாட்சியைக் கலைப்பது! அதை வண்டின் வயிற்றில் எழுதி, கடவுள் முன்னாலேயே கொண்டு போகிறார்கள். தம்பி கூண்டில் ஏறி என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள், வழக்கு இன்னும் நடக்கிறது. என் கதையில் இதயம் பேசிவிடுகிறது.

ஓட்டாஞ்சில்லு:

முதல் பதிவுக்கு. மெரித் காலத்தில் காசு கிடையாது. பொற்காசும் இல்லை, செப்புக்காசும் இல்லை. அந்தக் காட்சியை வாசிக்கிற எவனும் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவான்.

என் அனுபவம் சின்னது. பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்த வருகைப் பதிவேட்டுக் கல். இரண்டாம் ராமசேஸின் 40ஆம் ஆண்டு, ராஜாக்கள் கல்லறை வெட்டிய தொழிலாளிகள் யார் யார் எந்தெந்த நாள் வரவில்லை என்று கணக்கர் எழுதி வைத்தது. தேதி கறுப்பு மை, காரணம் அதற்கு மேல் பொடி எழுத்தில் சிவப்பு மை. ஒருத்தனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருத்தனுக்குக் கண்வலி. ஒருத்தன் அம்மாவின் உடலுக்குத் துணி சுற்றப் போனான். ஒருத்தன் பீர் காய்ச்சப் போனான். நான் அன்று டியூட்டிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விலையைத் தெபன் எடையில் சொல்வார்கள். ஒரு தெபன் சுமார் 91 கிராம் செம்பு. ஆனால் செம்பைக் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாட்டுக்கு இத்தனை தெபன் என்று பேசி முடித்து, அந்த மதிப்புக்குத் துணி, எண்ணெய், தானியம், கூடை, என்ன இருக்கிறதோ கொடுப்பார்கள். பேரம் எவ்வளவு நீளமாகப் போகும் என்று பாருங்கள். நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு பொற்காசை வீசினால் காட்சி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சம்பளமும் அப்படித்தான். கல்லறைத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. முதலாவது ரொட்டிக்கு, இரண்டாவது பீருக்கு.

அப்புறம் ஒட்டகம். நீங்கள் இன்னும் கொண்டுவரவில்லை, ஆனால் கொண்டுவருவீர்கள், எல்லாரும் கொண்டுவருகிறார்கள். ஒட்டகம் அங்கே பரவலானதெல்லாம் பல நூற்றாண்டு கழித்து. அந்த நாளில் சுமை தூக்கியது கழுதை. கழுதை மேல் மந்திரவாதி வந்தால் கம்பீரம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் கழுதையோடு பழகாதவர்கள். பிரமிடு புதுசாகப் பளபளக்கிறது என்றும் எழுதாதீர்கள். துட்டன்காமூன் பிறந்தபோதே கீஸா பிரமிடுகளுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். நமக்குத் தஞ்சைப் பெரிய கோயில் எவ்வளவு பழசோ, அதைவிட அவனுக்கு அது பழசு. இன்னொன்று, அங்கே பூமி ஆண், வானம் பெண். கெப் கீழே படுத்திருப்பான், நூத் அவன் மேல் வளைந்து நிற்பாள். பூமித்தாயை வேண்டிக்கொள்ளும் கதாநாயகிகளை நானே நிறையப் படித்துவிட்டேன்.

பாதிராத்திரி எழுத்து:

அண்ணா, என் நாவல்ல பூனை பேசும். அதை விட்டுட்டீங்க, காசைப் பிடிச்சுக்கிட்டீங்க.

ஓட்டாஞ்சில்லு:

பூனை பேசலாம். காசு கொடுக்கக் கூடாது.

லக்ஸர் வெயில்:

மூன்றாம் துத்மோஸ் கல்லறைக்குப் போனவர்கள் கையைத் தூக்குங்கள். பாறை இடுக்கில் இரும்புப் படியேறி, பிறகு உள்ளே இறங்கி, இறங்கி, மூச்சு முட்டி. அடியில் முட்டை வடிவ அறை. சுவர் முழுக்க அம்துவாத், அதாவது சூரியன் கீழுலகத்தில் போகும் பயணத்தின் நூல், இரவின் பன்னிரண்டு மணி நேரமும். ஆனால் மற்ற கல்லறைகள் மாதிரி வண்ண வண்ணமாய்க் கொழுகொழு உருவங்கள் கிடையாது. குச்சி மனிதர்கள்! ஒரு பிரம்மாண்டமான பாப்பிரஸ் சுருளைச் சுவரைச் சுற்றி ஒட்டிவைத்தது போலத்தான் தெரிகிறது.

எங்கள் குழு வெயிலுக்குப் பயந்து சீக்கிரம் மேலே போய்விட்டது. காவலாளி என்னை மட்டும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். எனக்கு அரபி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை. டார்ச்சை ஒரு நீண்ட பாம்பின் வால் மேல் வைத்தார். மெதுவாக நகர்த்தி, வயிறு, கழுத்து, வாய். வாலைக் காட்டி, முதுகைக் கூனிக்கொண்டு, நடுங்குகிற கையோடு கிழவன் மாதிரி நடந்து காட்டினார். வாய்க்கு வந்ததும் நிமிர்ந்து, இரண்டு கையையும் தொட்டில் மாதிரி மடித்து ஆட்டினார். பன்னிரண்டாம் மணி. சூரியக் கடவுளின் படகை இழுக்கிறவர்கள் கிழவர்களாகப் பாம்பின் வாலில் நுழைந்து, வாய் வழியே குழந்தைகளாக வெளியே வருகிறார்கள். படித்திருக்கிறேன், பல தடவை. ஆனால் அந்த மனிதர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தபோதுதான் கழுத்தில் மயிர் நின்றது.

டிப்ஸ் கேட்டார், கொடுத்தேன். அதைச் சொல்லி ஏமாற்று என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. என் கதையில் அந்தப் பாம்புக்குள் ஒரு சத்திரம் இருக்கிறது. உள்ளே நுழையும்போது எழுபது வயசு, கணக்கு முடித்துவிட்டுக் கிளம்பும்போது ஏழு.

குமாஸ்தா:

சத்திரம் பிரமாதம். ஆனால் பன்னிரண்டு மணி, பன்னிரண்டு அத்தியாயம் என்று மட்டும் பிரிக்காதீர்கள். நான் அப்படிப் பிரித்துவிட்டு, ஒன்பதாம் மணியில் என்ன நடக்க வேண்டும் என்று தெரியாமல் அலைந்தவன். முதலில் ஆறாம் மணியை எழுதுங்கள். சூரியன் தன் சொந்தப் பிணத்தோடு சேர்வது அங்கேதான். அது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். சூரியனை மறிக்கும் பாம்பு அப்போபிஸோடு நடக்கும் சண்டையை ஏழாம் மணியிலேயே முடித்துவிடுகிறார்கள் என்று சிலர் குறைப்படுவார்கள், கிளைமாக்ஸ் முன்னாலேயே வந்துவிடுகிறதாம். வரட்டுமே! அதற்கப்புறம்தானே பயணமே.

லக்ஸர் வெயில்:

நான் கேட்கவே இல்லையே ஐயா.

களத்துமேடு:

எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. நான் எழுதுறத ராத்திரி வாசிச்சுக் காட்டுவேன். கல்லறையில கூட வைக்கிற ஷப்தி பொம்மைங்க வர்ற அத்தியாயம். செத்த பணக்காரனை மேல் உலகத்துல வயல் வேலைக்குக் கூப்பிட்டா, இவனுக்குப் பதிலா அந்தப் பொம்மை "இதோ இருக்கேன்"னு எழுந்து போவணும். வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும், மண்ணு சுமக்கணும். பிற்காலத்துல ஒருத்தனுக்கு 401 பொம்மை. நாளைக்கு ஒண்ணுன்னு 365, அதுங்கள மேய்க்கச் சவுக்கு வச்ச மேஸ்திரி 36. நான் இதைப் பெரிய அதிசயமா எழுதியிருந்தேன். நீல மண்பாண்டம், நிலா வெளிச்சம், எல்லாம் வரிசையா எழுந்திருக்குதுங்க, அப்படி.

அம்மா வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டுச்சு: "இதுங்களுக்குக் கூலி யாரு குடுப்பா?"

எனக்குப் பதில் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே சொல்லிச்சு, "பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி. அங்கயும் அப்படித்தானா."

மறுநாள் அத்தியாயத்தை மாத்தினேன். மூணாம் ராமசேஸோட 29ஆம் ஆண்டுல கல்லறைத் தொழிலாளிங்க தானியம் வரலன்னு வேலைய நிறுத்திட்டு, கோயில் பின்னாடி போய் உட்கார்ந்தாங்கல்ல? பசிக்குதுன்னு சொன்னதை எழுத்தர் அப்படியே எழுதி வச்சிருக்காரு, அந்தப் பாப்பிரஸும் டூரின்லதான் இருக்கு. என் 365ம் அதேதான் பண்ணுதுங்க. "இதோ இருக்கேன்"னு எழுந்து நிக்குதுங்க, ஆனா நடக்க மாட்டேங்குதுங்க. மேல்லோக வயல்ல களை மண்டிப்போவுது. அம்மாவுக்கு இந்த அத்தியாயம் புடிச்சுது. முடிவுல மேஸ்திரிங்களும் சேரணுமான்னு கேட்டேன். "சேர மாட்டானுங்க"ன்னுச்சு. சேரல.

வேர்களைத்தேடி:

எல்லாம் சரி, ஃபாரோக்களே நம்மவர்கள்தான் என்பதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை? எகிப்தில் தமிழ் எழுத்து கிடைத்திருக்கிறதே, தெரியாதா?

மிளகு மூட்டை:

தெரியும் சார். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான குசேர் அல் கதீமிலும் பெரனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தது உண்மை. பெரனிகேயில் 'கொற்றபூமான்' என்ற பெயர், குசேரில் 'பானை ஒறி', அதாவது உறியில் தொங்கும் பானை. ஆனால் அதெல்லாம் ரோமர் ஆட்சிக் காலம், கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது. கடைசி கிளியோபாட்ராவே செத்துப்போன பிறகு. நம் ஆள் அங்கே போனது ராஜாவாக இல்லை, வியாபாரியாக. இதில் என்ன கௌரவக் குறைச்சல்?

எனக்கு எகிப்துப் பைத்தியம் பிடித்ததே அந்தப் பெரனிகேயால். அங்கே செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியாவில் செய்த ஒரு பெரிய ஜாடி புதைந்திருந்தது. உள்ளே கருமிளகு, சுமார் ஏழரைக் கிலோ. குமுளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மிளகு உண்டு. அதைப் படித்த அன்று களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. தராசை எடுத்து ஏழரைக் கிலோ நிறுத்தேன். ஒரு அண்டாவில் கொட்டினால் கால்வாசி கூட நிறையவில்லை. இதைக் கப்பலில் ஏற்றி, பருவக்காற்றுக்குக் காத்திருந்து, செங்கடல் கரையில் இறக்கி, கடைசியில் விற்காமல் சாமி முற்றத்தில் விட்டுவிட்டு ஒருவன் போயிருக்கிறான். ஏன்? மனைவி வந்து "அதை ஏன் தனியா நிறுக்கிறீங்க, யாருக்கு?" என்றாள். அந்தக் கேள்விதான் என் நாவலின் முதல் வரி.

ஃபாரோ காலத்துக்கே போக வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரே ஒரு நூலிழை இருக்கிறது. இரண்டாம் ராமசேஸின் மம்மியில் மூக்குக்குள் மிளகு இருந்தது. அவன் இறந்தது கி.மு. 1213. யார் கொண்டுபோனார்கள், எத்தனை கை மாறியது என்று ஒரு எழுத்தும் இல்லை. அந்த இடைவெளியில் நூறு மாயக்கதை எழுதலாம். வரலாறு என்று மட்டும் எழுதாதீர்கள்.

வேர்களைத்தேடி:

மூக்கில் மிளகு இருந்தால் நம் மிளகுதானே? அப்புறம் என்ன தயக்கம்?

மிளகு மூட்டை:

மிளகு நம்முடையது. மூக்கு அவனுடையது.

பாஸ்தெத் அடிமை:

பூனை என்று யாரோ சொன்னார்கள், அதனால் வந்தேன். மேலே நடக்கிற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

1890ல் பெனி ஹசனில் தோண்டிய பூனை மம்மிகளைக் கப்பலில் லிவர்பூலுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 1,80,000 பூனைகள், 19 டன். எதற்கு? வயலுக்கு உரம். அரைத்துத் தூவுவதற்கு. ஏலம் விட்டவர் சுத்தியலுக்குப் பதிலாக ஒரு பூனைத் தலையை வைத்துத் தட்டியிருக்கிறார். இதில் ஒரு எழுத்துகூட என் கற்பனை இல்லை.

இதை வைத்து ஒரு அத்தியாயம் எழுதினேன். இங்கிலாந்து வயலில் ஒரு மழைக்காலம், முளைத்த பயிரெல்லாம் ராத்திரியில் கண் திறக்கிறது. எங்கள் ஊர் நூலகத்தில் நாலைந்து பேர் கூடும் கூட்டத்தில் வாசித்தேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி ஒருவர் கடைசிவரை குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எழுந்தார். கண் திறக்கிற பயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எலும்பு உரத்தில் பாஸ்பரஸ்தான் அதிகம். தழைச்சத்துக்கு நீங்க வேற ஏதாவது போட்டிருக்கணும்" என்றார்.

பதிப்பகத்திலிருந்து திருத்தம் வந்திருக்கிறது. பயிர் கண் திறப்பதை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஏலக்காரர் பூனைத் தலையால் தட்டுவதை மட்டும், நம்பும்படியாக இல்லை என்று வெட்டச் சொல்கிறார்கள். வெட்டப்போவதில்லை.