த்ரோன் ஷேக்கர்: கிக்கை உட்கார்ந்த இடத்தில் வாங்குவது

மானிட்டர் மிக்ஸ் பக்கமிருந்து:

இன்-இயர் (காதுக்குள் மாட்டும் மானிட்டர்) மாட்டியதும் டிரம்மர் கேட்பது ஒன்றுதான்: "கிக் கூட்டுங்க." கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) காது வலிக்கிற அளவுக்குக் கூட்டினாலும் அந்த இடி வராது. 60 ஹெர்ட்ஸ் காதுக்குள் கேட்கலாம், உடம்பில் இறங்காது. த்ரோனில், அதாவது டிரம்மர் உட்காரும் சீட்டில், மாட்டும் ஷேக்கர் அந்த வேலைக்குத்தான். ஸ்பீக்கரில் உள்ள அதே காயில், அதே காந்தம்; கோனுக்குப் பதில் ஒரு எடை ஆடுகிறது. பட்கிக்கர் பிராண்டு ஷேக்கரைத் த்ரோன் தண்டில் கிளாம்ப் போட்டு மாட்டலாம். போர்ட்டர் அண்ட் டேவிஸ் பிராண்டில் சீட்டுக்குள்ளேயே இருக்கும். எது வாங்கினாலும் பாதி வேலை மிக்சரில்தான்.

இதற்கென்று மிக்சரில் தனி ஆக்ஸ் (வேறொரு கலவையை வெளியே அனுப்பும் வழி) ஒன்று ஒதுக்குங்கள். ப்ரீ-ஃபேடராக (சேனல் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் மாறாதபடி) இருக்கட்டும், ஆனால் சிக்னல் கேட் (சத்தம் குறைந்ததும் சிக்னலை மூடிவிடுவது), ஈக்யூ தாண்டிய பிறகு எடுக்கப்பட வேண்டும். டிஜிட்டல் மிக்சரில் இந்த இடத்தை மாற்ற முடியும், பலர் பார்ப்பதே இல்லை. கேட்டுக்கு முன்னால் எடுத்தால் மேடையின் இரைச்சல் முழுவதும் சீட்டுக்கு வரும். 30 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழே வெட்டும்), 100-120 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் (அதற்கு மேலே வெட்டும்). லோ-பாஸை விட்டுவிட்டால் பெடலின் பீட்டர் (அடிக்கும் சுத்தி) ஸ்கின்னில் படும் 'டக்' சத்தமும் சேர்ந்து வரும். நம் தோலுக்கு அதிர்வு மிகக் கூர்மையாகத் தெரிவது 250 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். அதனால் அடிக்குப் பதில் கூச்சமும் குறுகுறுப்புமாக இருக்கும்.

மர ரைசரில் (டிரம் வைக்கும் உயரப் பலகை) பெரிய தொல்லை ஃபீட்பேக். பாட்டு முடிந்து எல்லாரும் கையை எடுத்த பிறகு சீட் தானாக 'ம்ம்ம்' என்று உறுமத் தொடங்கும், மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஷேக்கர் பலகையை ஆட்டுகிறது, பலகை கிக் மைக்கை ஆட்டுகிறது, மைக் மறுபடி ஷேக்கருக்கு அனுப்புகிறது. வால்யூமைக் குறைத்தால் நிற்கும், அடியும் சேர்ந்து போய்விடும். முதலில் த்ரோன் கால்களுக்கடியில் கெட்டியான ரப்பர் வையுங்கள். பிறகு கேட்: ஹோல்டு (திறந்தே நிற்கும் நேரம்) 50 மில்லிசெகண்ட், ரிலீஸ் (மூடும் நேரம்) 100-150. அதற்கும் மீறினால் மைக்குக்குப் பதில் கிக் டிரிக்கரிலிருந்து (டிரம்மில் மாட்டும் சென்சார்) சிக்னல் கொடுத்துப் பாருங்கள்.

சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு:

50 வாட், 4 ஓம் பேஸ் ஷேக்கர் ஒன்று ஒரு சீட்டுக்குப் போதும். சீட்டின் அடிப்பலகை 12 மி.மீ. பிளைவுட்டாவது இருக்க வேண்டும். மர ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம், சில நாளிலேயே ஓட்டை அகன்று கடகடக்கும். பலகையைத் துளைத்து போல்ட் போட்டு, அகல வாஷர், நைலான் வைத்த லாக் நட். ஆம்ப்ளிஃபயருக்கு டிபிஏ3116 (TPA3116) சிப் வைத்த போர்டு மலிவு. ஆனால் 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் 4 ஓமுக்கு சுமார் 15 வாட்தான் கிடைக்கும். ஷேக்கர் சரியில்லை என்று பலர் திட்டுவது உண்மையில் அடாப்டரைத்தான். 21-24 வோல்ட் கொடுங்கள். இரண்டு ஷேக்கரைப் பேரலலில் போட்டால் 2 ஓம் ஆகிவிடும், ஆம்ப் புரொடெக்ஷனுக்குப் போகும் (தன்னைக் காக்கத் தானே நின்றுவிடும்). சீரிஸில் 8 ஓம், அது பரவாயில்லை.

ஒயர் 1.5 சதுர மி.மீ. இரட்டைக் கோர், கனெக்டர் ஸ்பீக்கான் (திருகிப் பூட்டும் வகை). கால் இஞ்ச் ஜாக் செருகும்போது ஒரு கணம் ஷார்ட் ஆகும், அதிர்வில் கழன்றும் விழும். சீட் சுழலும் என்பதை மறந்து ஒயரை இழுத்துக் கட்டினால் முதல் திரும்பலிலேயே சால்டர் விட்டுப்போகும். ஒரு சுற்றுக்குத் தொய்வு விட்டு, பலகையிலேயே கிளிப் அடியுங்கள்.

கடைசியாக ஃபோனில் சைன் டோன் ஆப் எடுத்து, குறைந்த வால்யூமில் 20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸ் பக்கம் சீட் திடீரென்று துள்ளும். அங்கே 6 டெசிபல் வெட்டினால் எல்லா அடியும் ஒரே 'பூம்' ஆகக் கேட்காது. 'டக்கடக்' என்று உலோகம் மோதும் சத்தம் வந்தால் எடை எல்லையில் இடிக்கிறது. உடனே குறைக்க வேண்டும்.

இடையில் ஒரு மறுப்பு:

பேஸ் கிட்டாரையும் இதில் விடச் சொல்பவர்கள் உண்டு. நீண்ட நோட்டில் காயில் சூடாவது ஒருபக்கம், கிக் எங்கே விழுந்தது என்பதே மங்கிவிடும். ஃப்ளோர் டாம் கொஞ்சம் சேர்க்கலாம், அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 808 (நீண்டு ஒலிக்கும் எலக்ட்ரானிக் கிக்) ட்ராக் ஓடும் செட் என்றால் லிமிட்டர் (சிக்னல் அளவு மீறாமல் தடுப்பது) கட்டாயம்.

எலக்ட்ரானிக் கிட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு:

மைக் இல்லாததால் ஃபீட்பேக் கவலை இல்லை. மாட்யூலில் (கிட்டின் ஒலிப்பெட்டி) டைரக்ட் அவுட் (ஒரு டிரம்மை மட்டும் தனியாகத் தரும் வெளியீடு) இருந்தால் கிக்கை மட்டும் அதில் எடுங்கள். ப்ளூடூத் ரிசீவர் வழியாக வேண்டாம். 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதித்து அடி வந்தால் வாசிப்பே தடுமாறும். அடுக்குமாடி என்றால் கார்ப்பெட்டை நம்பாதீர்கள், அது சத்தத்தை உறிஞ்சும், அதிர்வைத் தடுக்காது. பிளைவுட் பலகைக்கடியில் பாதி வெட்டிய டென்னிஸ் பந்துகள் வைத்து, அதன் மேல் த்ரோன். கிக் பெடலுக்கும் அதே பலகையில் இடம் விடுங்கள், கீழ்வீட்டுக்காரர் புகாரில் பாதி பெடலால் வருவது.