அல்சூரில் பழைய ஓட்டு வீடு: குறைந்த செலவில் நாமே பழுதுபார்க்க எங்கிருந்து தொடங்குவது?

அல்சூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் சோமேசுவரர் கோயிலுக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீடு 1930-களில் என் தாத்தா கட்டியது. முன்கட்டுக்கு மங்களூர் ஓடு. பின்கட்டில் உள்ள இரண்டு அறைகளுக்குத் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். அஸ்திவாரம் சைஸ் கல், சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், தரை முழுவதும் சிவப்பு ஆக்சைடு. வெகுகாலம் வாடகைக்கு விட்டிருந்த வீடு, பாகப்பிரிவினைக்குப் பிறகு இப்போது எங்கள் பங்குக்கு வந்துள்ளது.

ஓட்டுக் கூரை மூன்று நான்கு இடங்களில் ஒழுகுகிறது. தெருப்பக்கச் சுவரின் உட்புறம் இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. மின்கம்பிகள் இன்னும் சுவரில் அடித்த மரப்பட்டையின் (மெல்லிய மரச்சட்டம்) மேல்தான் ஓடுகின்றன. பார்வையிட வந்த ஒப்பந்தக்காரர், பழைய பூச்சை எல்லாம் கொத்திவிட்டு நீர்புகா ரசாயனம் கலந்த சிமென்ட் பூச வேண்டும், மொட்டைமாடியில் இரண்டு அங்குலம் கான்கிரீட் போட வேண்டும், தரைக்கு விட்ரிஃபைட் டைல் ஒட்ட வேண்டும் என்று கூறி, எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியாத ஒரு தொகையைச் சொன்னார்.

எங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய். கடன் வாங்க விருப்பமில்லை. வார இறுதிகளில் நானும் மனைவியும் உடலுழைப்பைத் தர ஆயத்தமாக இருக்கிறோம். எதை முதலில் செய்வது, எதை நாங்களே செய்யலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

காரைவேலை:

ஐயா, வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கொத்து வேலைதான். கண்டோன்மென்ட் பகுதியின் பழைய வீடுகள் பலவற்றில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த ஒப்பந்தக்காரர் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூடச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் மொட்டைமாடி. இரண்டு அங்குலக் கான்கிரீட் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ எடை. பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றின் மேல் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் புதிதாக ஏற்றுகிறீர்கள். தொண்ணூறு ஆண்டுகளாகச் சுமந்து வரும் தேக்கு உத்தரங்களுக்கு இந்தச் சுமை தேவையற்றது. அங்கே வேண்டியதெல்லாம் விரிசல் விட்ட தட்டோடுகளின் இணைப்புகளைக் கீறிச் சுத்தம் செய்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்த சாந்தால் மீண்டும் அடைப்பதும், நீர்த்தாரைகளில் சேர்ந்த குப்பையை நீக்கி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும்தான். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டிவிட்டால் போதாது. வேர் இருக்கும் இடம்வரை செங்கல்லைப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டி அந்தக் கூரையின் மேல் இருந்தால் உடனே இறக்கிவிடுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை.

அடுத்தது சுவர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தடுப்புப் படுகை கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் செங்கல்லில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் ஆவியாகிவிடும் என்பதே அன்றைய ஏற்பாடு, அது நன்றாகவே வேலை செய்தும் வந்தது. பிறகு என்ன நடந்தது என்று உங்கள் தெருவைப் பாருங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே வந்து, பல பழைய வீடுகளின் தரை மட்டம் இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. சுவரை ஒட்டி இருந்த மண்ணையும் சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். போக வழியில்லாத ஈரம் முழுவதும் சுவரில் ஏறுகிறது. அந்தச் சுவரின் மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் போட்டால், இடுப்பு உயரத்தில் நிற்கும் ஈரம் தோள் உயரத்துக்குப் போகும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்.

ஆகவே முதல் வேலை வெளியே. வெளிச்சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமென்ட் தளத்தை உடைத்து, உள்தரை மட்டத்துக்குக் கீழே போகும்படி மண்ணை எடுத்துவிட்டு, ஜல்லி நிரப்புங்கள். இது நீங்கள் இருவருமே செய்யக்கூடிய வேலை. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் ஒருபோதும் தோண்டாதீர்கள். ஓட்டிலிருந்து விழும் மழைநீர் சுவரடியில் சேராமல், தாழ்வாரத்துக்குத் தகரக் கால்வாய் வைத்துக் குழாய் மூலம் தள்ளி விடுங்கள். அந்த நீரைச் சேமிக்க எண்ணம் இருந்தால், ஜெயநகர் ஐந்தாம் பிளாக்கில் குடிநீர் வாரியம் அமைத்துள்ள மழைநீர் சேகரிப்புப் பூங்காவில் மாதிரிகளை நேரில் பார்க்கலாம்.

அதன் பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, இணைப்புகளைச் சுரண்டி, உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். ஒரு கோடை முழுவதும் சுவரை அப்படியே திறந்து விடுவது நல்லது. பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கணக்கில், கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரையிலான மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். கழுவிய எம் சாண்ட் (கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணல்) போதும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் காக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீங்களே தண்ணீர் ஊற்றி நீற்ற முயல வேண்டாம். கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். நீற்றிய சுண்ணாம்பு மூட்டையாகவே கிடைக்கிறது. அதற்கும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

மின்னிணைப்பு:

நண்பரே, மேலே காரைவேலை ஐயா சொன்னதற்கு நடுவே ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும்: பூச்சு வேலை முடிவதற்குள் மின்வேலையைத் தீர்மானித்துவிடுங்கள். மரப்பட்டை மேல் ஓடுவது பெரும்பாலும் ரப்பர் உறையிட்ட பழைய கம்பி. அந்த ரப்பர் காலப்போக்கில் காய்ந்து, தொட்டாலே உதிரும். நில இணைப்பும் பல இடங்களில் இருக்காது. உங்கள் மூன்று லட்சத்தில் பேரம் பேசக் கூடாத பங்கு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்யுங்கள்.

விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5, கீசருக்கு 4 என்று செம்புக் கம்பி போடச் சொல்லுங்கள். புதிதாக நில இணைப்புக் குழி, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம். செங்கல் சுவரைக் கிழித்துக் குழாய் புதைப்பதைவிடச் சுவரின் மேலேயே பி.வி.சி. குழாயில் கொண்டு போவது பழைய சுவருக்கும் நல்லது, கூலியும் குறையும். பொருள்களை எஸ்.பி. ரோட்டில் நீங்களே நேரில் வாங்கிக் கொடுத்தால் தரம் உங்கள் கண்காணிப்பில் இருக்கும்.

காக்ஸ்டவுன் கல்யாணி:

வணக்கம் தம்பி. தரையைத் தயவுசெய்து உடைக்காதீர்கள். இன்று அதே பளபளப்பில் சிவப்பு ஆக்சைடு தரை போடத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. எந்தக் காரணத்துக்காகவும் ஆசிட் ஊற்ற வேண்டாம்; அது சிமென்டையே அரித்துவிடும். மென்மையான சோப்புநீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் எடுத்துத் தேய்த்து வந்தால் மாதக்கணக்கில் நிறம் திரும்பும். விரிசலை ஆக்சைடு கலந்த சிமென்டால் அடைக்கலாம், ஆனால் பழைய நிறத்தோடு முழுவதும் பொருந்தாது. முதலில் பீரோவுக்குப் பின்னால் ஓரிடத்தில் போட்டுப் பாருங்கள்.

கதவு, சன்னல்களில் பல அடுக்குப் பழைய எனாமல் இருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்திய விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும். ஈரப்படுத்திச் சுரண்டி, துகள்களைப் பையில் கட்டி எடுங்கள். குழந்தைகள் இருந்தால் அன்று வேறு வீட்டில் விடுங்கள். கொல்லைப்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். மாற்றுக் கதவு, சன்னல் தேவைப்பட்டால் சிவாஜிநகர் பேம்பூ பஜாரில் பழைய மரச்சாமான் கடைகளைப் பாருங்கள். பழைய தேக்கு, புதிய மட்ட மரத்தைவிட எவ்வளவோ மேல்.

அல்சூர்வாசி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இணையத்தில் படித்தபடி சுவரில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்தோம். தெருப்பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் தாளின் சுவர்ப்புறம் வியர்த்திருந்தது. எனவே ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்பது தெளிவு. இரண்டு கேள்விகள் மீதம் உள்ளன. ஓடு மாற்றும் வேலையை நானே செய்யலாமா? பின்கட்டு அறையில் உத்தரம் ஒன்று சுவருக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கறுத்த ஈரத்திட்டு இருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

காரைவேலை:

ஓடு மாற்றலாம் ஐயா, ஆனால் தனியாக ஏறாதீர்கள். ஓட்டின் மேல் கால் வைக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் இருந்து வேலை செய்யுங்கள். உடைந்த ஓட்டுக்கு மேல்வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால், உடைந்ததை உருவிவிட்டுப் புதியதை ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாட்டலாம். கம்பெனிக்குக் கம்பெனி அளவும் பூட்டும் மாறும் என்பதால், கடைக்குப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓட்டை இறக்கும்போதே ரீப்பரில் கறையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள். மாம்பழ மழைக்கு முன், அதாவது பங்குனிக்குள், கூரையை முடித்துவிடுவது நல்லது. செப்டம்பர், அக்டோபரில்தான் இந்த ஊரில் மழை மிகுதி என்றாலும், சித்திரை மழை காற்றோடு வரும்.

உத்தரம் பற்றி நீங்கள் சொன்னது எனக்குக் கவலை தருகிறது. மரம் பெரும்பாலும் சுவருக்குள் மறைந்த முனையிலிருந்துதான் உளுக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். இரும்பு வழுக்கி நின்றால் மேலே நீர் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தால் போதும். எளிதாக உள்ளே இறங்கினால், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி உத்தரத்துக்கு அடியில் கீழே பலகை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள், மாடியிலும் யாரும் நடமாட வேண்டாம்.